போர்க்களத்தில் யாரை வணங்குவது?

பெங்களூரில் அல்சூரை ஒட்டி ஜோகுபாளையம் என்ற பகுதி இருக்கிறது. நெருக்கமான வீடுகள், குறுகலான தெருக்கள், தெருமுனைக் கோயில்கள் நிறைந்த இடம். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று நான்கு மொழிகளை ஒரே தெருவில் கேட்கலாம். 'பாளையம்' என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்பது பழைய பொருள். அங்கு வாழ்வோர் இன்று அந்தப் பொருளை நினைப்பதில்லை. ஆயினும் அல்சூர் வட்டாரத்தின் வரலாறு அச்சொல்லுக்குப் பொருந்தியே இருக்கிறது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை 1809-இல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அல்சூரைச் சார்ந்த நிலங்களில் 'தண்டு' எழுந்தது. படையோடு சிப்பாய்களாகவும், வணிகர்களாகவும், கட்டடத் தொழிலாளர்களாகவும் தமிழர் பலர் வந்து குடியேறினர். 1780-இல் தோன்றிய 'மதராஸ் சாப்பர்ஸ்' என்னும் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடம் இன்றும் அல்சூரில்தான் இருக்கிறது.

ஜோகுபாளையத்தில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் மாதம் ஒருமுறை சத்சங்கம் நடைபெறும். அதற்கு வருவோரில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர். எப்போதும் கதவருகில், கடைசி வரிசையில் அமர்வார். கேள்வி எதுவும் கேட்க மாட்டார். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தம் பேரனை உடன் அழைத்து வந்திருந்தார். சத்சங்கம் முடிந்ததும் அந்தச் சிறுவன் நேரே என்னிடம் வந்தான்.

"சுவாமிஜி, எங்கள் ஊரின் வரலாற்றுச் சின்னம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் பெங்களூர்க் கோட்டையைப் பற்றி எழுதப் போகிறேன். ஆங்கிலேயர் அதைப் பிடித்தபோது அவர்கள் படையில் தமிழர்களும் இருந்தார்களாம். எங்கள் முன்னோரும் வடஆற்காட்டிலிருந்து படையோடு வந்தவர்கள் என்று தாத்தா சொல்வார். அப்படியானால் நாங்கள் எந்தப் பக்கம்?"

பாட்டனார் தலைகுனிந்து நின்றார். பேரனின் கேள்வி அவரையும் எங்கோ தொட்டிருக்கிறது என்பது தெரிந்தது. "கோட்டையை மூவருமாகப் போய்ப் பார்ப்போம்" என்றேன்.

கோட்டை வாயிலில்

ஒரு மார்ச் மாதக் காலையில் கிருஷ்ணராஜேந்திர சந்தைக்கு அருகிலுள்ள கோட்டைக்குச் சென்றோம். 1537-இல் கெம்பேகவுடா மண்ணால் எழுப்பிய கோட்டையை 1761-இல் ஹைதர் அலி கல்கோட்டையாக மாற்றினார். அதில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 'தில்லி வாயில்' எனப்படும் உயர்ந்த கதவமும், மதிலின் ஒரு துண்டும், உள்ளே ஒரு சிறு விநாயகர் கோயிலும் இருக்கின்றன. வெளியே பேருந்துகளின் இரைச்சல். உள்ளே புறாக்களின் ஒலி.

மதிலில் ஒரு கல்வெட்டுப் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயரின் தாக்குதல் இந்தப் பிளவின் வழியே நிகழ்ந்தது என்பதே அதன் செய்தி. தாக்கியவர் யார் என்பதை அது கூறுகிறது. தடுத்து நின்றவர் யார் என்பதைக் கூறவில்லை.

நிகழ்ந்தது இதுதான். மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் தாமே படைநடத்தி வந்தார். மார்ச் 7 அன்று 'பேட்டை' எனப்படும் நகர்ப்பகுதி அவர் வசமாயிற்று. அன்றைய சண்டையில் மூர்ஹவுஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி மாண்டார். பீரங்கிகள் கோட்டை மதிலைப் பிளந்தபின், மார்ச் 21 இரவு நிலவொளியில் தாக்குதல் நடந்தது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் முதியவர். அவர் பிளவின் அருகே இறுதிவரை நின்று போரிட்டு வீழ்ந்தார். காவலர்களில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டதாக ஆங்கிலேயர் தரப்புக் குறிப்புகள் கூறுகின்றன. பகதூர் கானின் உடலைத் திருப்பித் தர கார்ன்வாலிஸ் முன்வந்ததாகவும், அவர் வீழ்ந்த இடத்தைவிடச் சிறந்த அடக்கத்தலம் வேறில்லை என்று திப்பு மறுமொழி கூறியதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

சிறுவன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேட்டான்: "அப்படியானால் திப்புவின் பக்கம்தான் நம் பக்கமா?"

கேள்வி எளிது, விடை அவ்வளவு எளிதன்று. அந்தப் போரில் மராத்தியரும் ஐதராபாத் நிஜாமும் ஆங்கிலேயருக்குத் துணை நின்றனர். கார்ன்வாலிஸின் படையில் எண்ணிக்கையால் மிகுந்தோர் இந்தியச் சிப்பாய்களே. அவர்களுள் மதராஸ் படையைச் சேர்ந்த தமிழரும் தெலுங்கரும் பலர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1780-இல், ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தபோது ஊர்கள் எரிந்தன, பயிர்கள் அழிந்தன, பஞ்சம் தொடர்ந்தது. அங்கிருந்து வந்த ஒரு சிப்பாய்க்கு மைசூர்ப் படை 'நம் நாட்டுப் படை'யாகத் தோன்றியிருக்குமா? பசிக்கு வேலை தேடி வந்தவனுக்குக் கம்பெனியின் சம்பளம் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஆனால் அவன் வென்று கொடுத்த போர் எங்கே கொண்டு போயிற்று? 1792 உடன்படிக்கையில் மைசூர் தன் நிலத்தில் பாதியை இழந்தது. திப்புவின் இரு புதல்வர்கள் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். அந்நிய ஆட்சி தென்னாட்டில் வேரூன்றியது. அந்தச் சிப்பாயின் பேரப்பிள்ளைகளும் அதன் குடிகளாயினர்.

இறந்தோரின் நினைவுக்கு நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கது. மைசூர்ப் போர்களில் ஆங்கிலேயர் தரப்பில் இறந்தவர்களுக்காகப் பெங்களூரில் ஒரு நினைவுத்தூண் இருந்தது. அந்நிய ஆட்சியின் சின்னம் என்று கருதப்பட்டு அது 1964-இல் இடிக்கப்பட்டது. அதன் பெயரைத் தாங்கியிருந்த சாலை இன்று நிருபதுங்கா சாலை. மூர்ஹவுஸுக்குச் சென்னைக் கோட்டைத் தேவாலயத்தில் நினைவுச்சின்னம் உண்டு. பகதூர் கானின் அடக்கத்தலமாக மக்கள் போற்றும் தர்கா, கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில், சந்தையின் நெரிசலுக்கு நடுவே இருக்கிறது. பல சமயத்தாரும் அங்கே மலர் சாத்துகின்றனர். சிப்பாய்களுக்கு? அக்காலப் படைக் குறிப்புகளில் அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. சிப்பாய்கள் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே இருக்கின்றனர். கோட்டையைக் காத்து மாண்ட எளிய காவலர்களுக்கு அந்த அளவும் துல்லியமாக இல்லை.

ஒரு முன்னாள் வீரரின் கேள்வி

தர்காவில் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தோம். சிறுவன் வாசலில் நின்று படம் வரையத் தொடங்கினான். அப்போதுதான் ஹவில்தார் பேசினார்.

"சுவாமிஜி, 1987-இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதிப்படையில் நானும் இருந்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணப் பக்கம் ஒரு வீட்டைச் சோதனையிடப் போனோம். வாசலில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, 'தம்பி, நீங்களும் தமிழ் ஆக்கள்தானே?' என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து, அதே சாலையில் கண்ணிவெடியில் என் நண்பன் இறந்துபோனான். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அன்று இரவு முழுவதும் அந்த அம்மாவை வெறுத்தேன். அவருக்கும் அந்த வெடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எனக்கே தெரியும். தெரிந்தும் வெறுத்தேன்."

சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு தொடர்ந்தார்.

"திரும்பி வந்தபோது எங்களை வரவேற்பதா, வேண்டாமா என்று ஊருக்கே தெரியவில்லை. நாங்களும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். ஒவ்வோர் அமாவாசையும் என் பெற்றோருக்குத் தர்ப்பணம் செய்யும்போது என் நண்பனுக்கும் ஒரு கை நீர் விடுகிறேன். அந்த நேரத்தில் எல்லாம் அந்த அம்மாவின் முகம் வருகிறது. அந்தப் பக்கம் இறந்தவர்களுக்கும் நான் நீர் விடலாமா? விட்டால் என் நண்பனுக்குத் துரோகம் செய்தவன் ஆவேனா?"

பேரன் கேட்டதும் பாட்டனார் கேட்டதும் ஒரே கேள்விதான் என்பது அப்போது விளங்கியது. இறந்தோரை நினைப்பதற்கு நாம் முதலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா? போர் நியாயமானதா என்று தீர்ப்புக் கூறிய பிறகுதான் அதில் மாண்டவனை வணங்கலாமா? மாண்டவனை வணங்கினால், அந்தப் போரையும் நாம் ஏற்றுக்கொண்டதாகுமா?

நடுகல் சொல்லும் பாடம்

இக்கேள்விக்கு நம் முன்னோர் ஒரு விடையைக் கல்லில் வைத்துப் போயிருக்கிறார்கள். பெங்களூரின் தென்பகுதியில் பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் ஒரு பழைய கல்வெட்டு உள்ளது. காலம் ஏறத்தாழ கி.பி. 890. பெங்களூரு என்ற ஊர்ப்பெயர் காணப்படும் மிகப் பழைய சான்று அதுவே. புட்டணசெட்டி என்பவர் பெங்களூருப் போரில் இறந்தார் என்ற செய்தியில்தான் அந்தப் பெயர் வருகிறது. இன்று உலகமெங்கும் அறியப்பட்ட அந்த மாநகரின் பெயர் நமக்கு முதன்முதலில் கிடைப்பது, போரில் இறந்த ஒரு மனிதரின் நினைவிலிருந்து.

தமிழகத்திலும் நடுகல் வழக்கம் மிகப் பழமையானது. வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பகைவரின் ஆநிரையைக் கவரச் சென்று இறந்தவனுக்கும் கல் நட்டார்கள். அதே ஆநிரையை மீட்கச் சென்று இறந்தவனுக்கும் கல் நட்டார்கள். கவர்ந்ததும் மீட்டதும் நீதியால் சமம் என்று அவர்கள் கருதினார்கள் என்பது இதன் பொருளன்று. தன் ஊரார் பொருட்டு உயிரைக் கொடுத்தான் ஒருவன். அவன் பெயர் மண்ணோடு மறையக் கூடாது. நடுகல் ஏற்ற பொறுப்பு அதுவே. சண்டை நியாயமானதா என்பது வேறு மன்றத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆகவே இரண்டு கடமைகள் இருக்கின்றன. ஒன்று, இறந்தோரை நினைத்தல். மற்றொன்று, போரைப் பற்றி உண்மையாகத் தீர்ப்புக் கூறுதல். ஒன்றைச் செய்துவிட்டால் மற்றதைச் செய்ததாகாது. நினைவுகூரல் மட்டும் இருந்து தீர்ப்பு இல்லாவிட்டால், அது போரைப் புகழும் மயக்கமாக முடியும். தீர்ப்பு மட்டும் இருந்து நினைவுகூரல் இல்லாவிட்டால், அது இறந்தவனை இரண்டாம் முறை கொல்லும் கடுமையாக முடியும். ஒரு தூணை எழுப்பியபோது நாம் முதல் தவற்றைச் செய்திருக்கலாம். அதை இடித்தபோது இரண்டாம் தவற்றைச் செய்திருக்கலாம். சிப்பாயின் பெயர் இரண்டு முறையும் யாருக்கும் நினைவு வரவில்லை.

ஆறுதல் என்னும் ஆபத்து

ஹவில்தார் இருந்த அதே இலங்கையில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாக மகாவம்சம் ஒரு வரலாற்றைக் கூறுகிறது. அனுராதபுரத்தை நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைச் சிங்கள மன்னன் துட்டகைமுனு போரில் கொன்றான். கொன்றபின், எல்லாளன் வீழ்ந்த இடத்திலேயே அவனுக்கு உரிய மரியாதைகளோடு ஈமக்கடன் செய்து, நினைவுச்சின்னம் எழுப்பி, அதை மக்கள் வணங்க வேண்டும் என்று ஆணையிட்டான். பின்வந்த மன்னர்களும் அவ்வழியே செல்லும்போது இசை முழக்கத்தை நிறுத்திச் சென்றார்கள் என்று அந்நூல் கூறுகிறது. வென்றவனே தோற்றவனுக்கு எழுப்பிய நினைவிடம் உலக வரலாற்றில் அரிது.

அதே நூல் மற்றொன்றையும் மறைக்காமல் கூறுகிறது. வெற்றிக்குப் பிறகு துட்டகைமுனுவுக்கு உறக்கம் இல்லை. எத்தனை உயிர்கள் தன்னால் அழிந்தன என்ற எண்ணம் அவனை வாட்டியது. அப்போது துறவியர் சிலர் வந்து, இறந்தவர்களில் முழு மனிதராக எண்ணத்தக்கவர் ஒன்றரைப் பேர்தான், மற்றவர்கள் விலங்குகளுக்கு ஒப்பானவர்கள், வருந்தாதே என்று ஆறுதல் கூறினார்களாம்.

மன்னனின் துயரம் உயர்ந்தது. அவனுக்குக் கூறப்பட்ட ஆறுதல் அவ்வாறன்று. இதைப் படித்து ஒரு சமயத்தைக் குறைகூற முற்படுவோர் தம் வீட்டையும் பார்க்க வேண்டும். இத்தகைய ஆறுதலைச் சொல்லத் துணியாத சமயம் உலகில் அரிது. ஆன்மா கொல்வதுமில்லை, கொல்லப்படுவதுமில்லை என்பது நமது உயர்ந்த போதனை. மரணத்தின் எதிரில் நிற்கும் ஒருவன் தன் அச்சத்தை வெல்வதற்கு அது ஒளி தருகிறது. அதையே பிறர் மரணத்தைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்குச் சமாதானமாக எடுத்துக்கொண்டால், அமுதம் நஞ்சாகிவிடும். ஆன்மா அழியாதது என்று அறிந்தவனுக்கு எதிரியிடமும் அதே ஆன்மா விளங்க வேண்டும். தன்னிடம் மட்டும் அதைக் கண்டவன் அத்வைதத்தைக் கண்டவனல்லன்.

உண்மையான நினைவிடம் நம் துயரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அது நம் துயரத்தை அகலமாக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டின் வடபகுதியில் நோத்ர் தாம் த லொரெத் என்ற குன்றில் 2014 நவம்பர் 11 அன்று ஒரு நினைவு வளையம் திறந்துவைக்கப்பட்டது. முதல் உலகப்போரில் அந்த வட்டாரத்தில் மாண்ட ஏறத்தாழ 5,80,000 பேரின் பெயர்கள் அதில் அகர வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. நாடு இல்லை, பதவி இல்லை, சமயம் இல்லை. பிரெஞ்சுக்காரருக்கு அருகில் ஜெர்மானியர். அவர்களோடு அங்கே மாண்ட இந்தியச் சிப்பாய்களும் இருக்கின்றனர். ஒருவரை ஒருவர் சுட்டவர்களின் பெயர்கள் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. அதைக் கட்ட அவர்களுக்கு நூறாண்டுகள் தேவைப்பட்டன.

கட்டளையும் விவேகமும்

"நான் கட்டளைப்படிதானே செய்தேன், சுவாமிஜி?" என்று ஹவில்தார் கேட்டார். தம்மைத் தற்காத்துக்கொள்ளும் குரலில் அவர் அதைக் கேட்கவில்லை. உண்மையை அறிய விரும்பும் குரலில் கேட்டார். எனவே உண்மையையே கூற வேண்டியிருந்தது.

சுயதர்மம், பலன் கருதாத செயல் என்ற இரண்டு சொற்களைக் கொண்டு எந்தக் கட்டளையையும் நியாயப்படுத்தலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். கீதை போர்க்களத்தில் பிறந்தது உண்மை. ஆனால் அது ஒரு கட்டளையாகப் பிறக்கவில்லை. ஒரு வீரனின் கேள்வியிலிருந்து பிறந்தது. அர்ஜுனன் வில்லைக் கீழே வைத்துவிட்டு வினவினான். ஐயங்களை எழுப்பினான், விடை புரியாதபோது மீண்டும் கேட்டான். பதினெட்டு அத்தியாயங்கள் முடியும்போது, இவற்றையெல்லாம் முற்றும் ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்ற கருத்தில் பகவான் அவனிடமே முடிவை விடுகிறார். கேட்கும் உரிமையும் ஆராயும் கடமையும் இல்லாத கீழ்ப்படிதல் கர்மயோகமாகாது.

அதே நேரத்தில் இதையும் கூற வேண்டும். அர்ஜுனனுக்கு இரு படைகளுக்கும் நடுவே தேர் நிறுத்தப்பட்டது. இருபத்தைந்து வயதுச் சிப்பாய்க்கு அப்படி யாரும் தேரை நிறுத்துவதில்லை. 1791-இல் நிலவொளியில் மதிலேறியவனுக்கும் நிறுத்தவில்லை. எனவே ஒரு போரின் சுமையை அதில் நின்றவன் தோளில் மட்டும் ஏற்றுவது அநீதி. அனுப்பியவர்களுக்குப் பங்கு உண்டு. வீட்டில் அமர்ந்து செய்தியைக் கேட்டு, வென்றால் ஆரவாரித்தும் தோற்றால் மறந்தும் போன நமக்கும் பங்கு உண்டு. இலங்கையில் உயிர்நீத்த அமைதிப்படை வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களுக்கு ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில் நினைவிடம் உள்ளது. அப்படி ஒன்று இருப்பதையே நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதே ஆண்டுகளில் மாண்ட தமிழ்க் குடிமக்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் தேடியிருப்போம்?

"ஐயா, போரை நீங்கள் தொடங்கவில்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையதன்று" என்றேன். "ஆனால் அந்த இரவில் எழுந்த வெறுப்பு உங்களுடையது. அதற்குக் கட்டளை யாரும் இடவில்லை. அதை நீங்கள்தான் கரைக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக அந்தத் தாயின் முகம் உங்களைத் தொடர்வது தண்டனையன்று. அந்த வேலை இன்னும் மீதியிருக்கிறது என்ற நினைவூட்டல்."

அவர் கண்களில் நீர் பெருகியது. மறுப்பாக ஒன்றும் கூறவில்லை.

கங்கைக் கரையில்

துரோகம் ஆகுமா என்ற அவரது கேள்விக்கு மகாபாரதம் விடை கூறுகிறது. போர் முடிந்தபின் வரும் பகுதி ஸ்திரீபர்வம். வெற்றியைக் கொண்டாடுவதற்கு முன்னர் வியாசர் நம்மைக் களத்திற்கு அழைத்துச் சென்று, கணவரையும் புதல்வரையும் இழந்த பெண்களின் அழுகையைக் கேட்க வைக்கிறார். பிறகு யுதிஷ்டிரர் ஈமக்கடன்களுக்கு ஏற்பாடு செய்கிறார். தம் பக்கத்தாருக்கு மட்டுமல்ல, துரியோதனன் பக்கத்தாருக்கும். தொலைதேசங்களிலிருந்து வந்து, உரிமை கொண்டாட உறவினர் எவருமின்றிக் கிடந்தவர்களுக்கும். ஓர் உடலும் நாதியற்றுப் போகக் கூடாது என்பது அவரது கட்டளை.

அதன்பின் எல்லாரும் கங்கைக் கரைக்குச் சென்று நீர்க்கடன் செய்கிறார்கள். அப்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள். கர்ணனுக்கும் நீர் விடுங்கள்; அவன் உங்கள் மூத்த சகோதரன் என்கிறாள். பகைவன் என்று எண்ணி வீழ்த்தியவன் உடன்பிறந்தவன் என்ற உண்மை யுதிஷ்டிரருக்குப் போர்க்களத்தில் தெரியவில்லை, அரியணையிலும் தெரியவில்லை. கையில் நீரோடு நின்றபோதுதான் தெரிந்தது.

இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். உறவு தெரிந்ததால் அவர் பகைவர்களுக்குக் கடன் செய்யவில்லை. பகைவர்களுக்கும் கடன் செய்ய முன்வந்தார். அதன்பின் உறவு வெளிப்பட்டது. நாம் செய்யும் தர்ப்பணத்திலும் இதே உணர்வு இருக்கிறது. தாய், தந்தை, நண்பர், சுற்றம் என்று நீர் விட யாருமில்லாதவர்களையும் நினைத்து இறுதியில் நீர் விடுகிறோம். பெயர் தெரியாத சிப்பாயும், பெயர் தெரியாத கோட்டைக் காவலனும், பெயர் தெரியாத யாழ்ப்பாணத்துக் குடிமகனும் அந்த ஒரு கை நீருக்கு உரியவர்களே.

"அந்த நீரை நீங்கள் எல்லாருக்குமாக விடுங்கள். உங்கள் நண்பருக்குரிய பங்கு அதனால் குறையாது. அவருக்காக ஒருவரை வெறுப்பதால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. நீங்கள் வெறுப்பிலிருந்து விடுபட்டால், அவரையும் அந்த வெடியோடு சேர்த்து நினைக்காமல், உங்களோடு ஒரே தட்டில் உண்ட மனிதராக நினைக்க முடியும்" என்றேன். "அந்தத் தாய் இன்னும் உயிரோடிருக்கலாம். அவருக்காகத் தர்ப்பணம் வேண்டாம், பிரார்த்தனை செய்யுங்கள். அன்று அவர் கேட்ட கேள்விக்குப் பதிலையும் மனத்தால் சொல்லுங்கள்."

அடுத்த சத்சங்கத்திற்கு வந்தபோது அவர் கதவருகில்தான் அமர்ந்தார். நிகழ்ச்சி முடிந்து எழும்போது, "அமாவாசையன்று சொல்லிவிட்டேன், சுவாமிஜி. 'ஆமாம் அம்மா' என்று மட்டும் சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நாம் செய்ய வேண்டுவது

சிறுவனின் கட்டுரையையும் படித்தேன். தாக்கியவர்கள், தடுத்தவர்கள் என்று இரண்டு தலைப்புகள் இட்டுத் தொடங்கியிருந்தான். முடிவில், எந்தப் பக்கம் என்ற தன் கேள்விக்கு விடையாக இரண்டு வரிகள் எழுதியிருந்தான். கம்பெனி செய்தது தவறு. அதற்குப் படைவீரராக வந்த எங்கள் ஊர்க்காரர்களும், கோட்டையைக் காத்த மைசூர்க்காரர்களும் ஒரே இடத்தில் இறந்தார்கள். அதனால் அங்கே போகும்போது இரண்டு பேருக்காகவும் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்பும் இருக்கிறது, நினைவும் இருக்கிறது. பெரியவர்களாகிய நாம் பல நேரங்களில் சேர்த்துவைக்கத் தவறும் இரண்டையும் அவன் சேர்த்து வைத்திருந்தான்.

நம் நாட்டில் போர்க்களமாக இல்லாத மண் குறைவு. சுற்றுலாவாகவோ யாத்திரையாகவோ நாம் கோட்டைகளுக்கும் நினைவுத்தூண்களுக்கும் செல்கிறோம். அங்கே நின்று, நம் பக்கம் வென்றதா என்று பார்த்துவிட்டுப் பெருமையோடோ சினத்தோடோ திரும்புகிறோம். பெருமை, சினம் ஆகிய இரண்டிலும் நடுவில் நிற்பது 'நான்' என்ற அகந்தையே. இறந்தவர்கள் அங்கே நமக்குக் காரணமாக மட்டும் ஆகிவிடுகிறார்கள்.

அடுத்த முறை அப்படி ஓரிடத்திற்குச் செல்லும்போது, கல்லில் எழுதியிருக்கும் பெயர்களை நிதானமாகப் படிப்போம். பிறகு, அந்தக் கல்லில் யாருடைய பெயர் இல்லை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அந்தப் போர் சரியா, தவறா என்பதை அஞ்சாமல் ஆராய்வோம். ஆராய்ந்த பிறகும் கைகளைக் கூப்புவோம். நம் குடும்பத்திலோ தெருவிலோ, ஒரு போரிலிருந்து திரும்பி வந்து பேசாமல் இருக்கும் ஒருவர் இருந்தால், அவர் பேசும்வரை அருகில் இருப்போம். வெளியே எழுப்பப்படும் நினைவிடங்கள் காலத்தால் இடியலாம், இடிக்கவும் படலாம். பகைவனுக்கும் இடம் தரும் நினைவிடம் ஒன்றை நம் நெஞ்சில் எழுப்பிவிட்டால், அடுத்த போருக்கான முதல் விதை அங்கே முளைக்க இடமிராது.